எப்பவும் பதினோரு டிகிரி

அண்ணனோட வலது முழங்கால் ஒரு திங்கக்கிழமை காலையில, பதினாலாவது படியில, வேலைய விட்டு நின்னுடுச்சு. அவர் கைப்பிடியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, "தம்பி, நான் இங்கயே இருக்கேன், நீ போய்ட்டு வா"ன்னாரு. ஏதோ பஸ் ஸ்டாண்டுல பெட்டிக்குக் காவல் இருக்கிற மாதிரி.

எங்க பீர் ஆலையில எட்டு டேங்க். காய்ச்சின சாறு ஆறினதும் ஈஸ்ட் சேர்த்து இந்த டேங்குக்குள்ளதான் விடுவோம். ரெண்டு வாரம் உள்ள கிடந்து பொங்கும். பொங்கும்போது தானா சூடாகும். சூடு ஏறினா டேங்க்கைச் சுத்தி ஓடுற குளிர் தண்ணியத் திறந்து விடணும், இறங்கினா மூடணும். அவ்வளவுதான் வேல. ஆனா இந்த ஆலையக் கட்டின புண்ணியவான் வால்வையும் தெர்மாமீட்டரையும் டேங்கோட தலையில வச்சுட்டுப் போய்ட்டான். அங்க போக இருபத்திரெண்டு இரும்புப் படி. காலை ஷிஃப்ட்டுல அத ஏறி இறங்குறது ரெண்டு பேர், அண்ணனும் நானும்.

அவர் எனக்குக் கூடப் பொறந்தவர் இல்ல. ஆலையில எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். முதலாளி மேடம்கூட அப்படித்தான் கூப்பிடுவாங்க. எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலா அண்ணன். ஏன்னா இந்த ஊர்ல எனக்கு வேற யாரும் கிடையாது. எங்க அக்கா ஞாயித்துக்கிழமை போன் பண்ணும். "சாப்டியா?" "சாப்டேன்." "என்ன?" "ஏதோ." வச்சிடும். மத்த ஆறு நாளும் என்னைப் பேர் வச்சுக் கூப்பிட்டு, திட்டி, என் சாப்பாட்டு டப்பாவத் திறந்து பாத்து மூஞ்சியச் சுளிக்கிறதுக்கு அண்ணன் ஒருத்தர்தான். திட்டுறதுக்குக்கூட ஆள் இல்லாம ஒரு மனுஷன் எத்தன நாள் இருக்க முடியும்?

டாக்டர் ஒரே வரியில எழுதிக் கொடுத்துட்டாரு: படி ஏறக் கூடாது. அந்தக் காகிதத்த மேடம் கண்ணாடி போட்டு ஒரு தடவ, கழட்டி ஒரு தடவ படிச்சாங்க. எப்படிப் படிச்சாலும் அது ஒரே வரிதான்.

"அண்ணே, நேராவே சொல்லிடுறேன்"ன்னாங்க. "என் தம்பி ரொம்ப நாளா ஆட்டோமேட்டிக் சிஸ்டம் வாங்கணும்னு நச்சரிச்சிட்டிருக்கான். வாங்கினா நீங்க கீழ உக்காந்து ஸ்கிரீனப் பாத்துக்கலாம். வாங்கலன்னா, படி ஏற முடியாத ஆள வச்சு நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க. ரெண்டு மாசம் பாப்போம்."

அண்ணனுக்கு வேல போனா எங்க போவாருன்னு எனக்குத் தெரியும். வேற ஊர்ல இருக்கிற மக வீட்டுக்கு. மகளப் பத்திப் பிரச்சன இல்ல. மருமகன்தான். "அந்தப் பையன் ரொம்ப நல்லவன்டா"ன்னு ஆரம்பிப்பாரு. "போன தடவ போனப்போ ஃப்ரிட்ஜ எப்படித் திறக்கிறதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தான். மெதுவா, பொறுமையா. நான் முப்பது வருஷமா குளிர் தண்ணி வால்வு திறக்கிறவன்."

இங்க ஒரு விஷயத்தச் சொல்லியாகணும். சொல்லாம விட்டா அப்புறம் நடந்தது ஒண்ணும் புரியாது.

டேங்க் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரீடிங் நோட்டு உண்டு. மணிக்கு ஒரு தடவ மேல ஏறி, டிகிரியப் பாத்து எழுதணும். நான் வேலைக்குச் சேந்த முதல் வாரம் அப்படித்தான் எழுதினேன். எங்க வேலையில கை எப்பவும் ஈரம். நுரையும் தண்ணியும் பட்டு மை ஊறி, மூணு நாள்ல நோட்டு களிமண் மாதிரி ஆயிடுச்சு. அண்ணன் பாத்துட்டு, "இப்படியா எழுதுவ? கை காஞ்சிருக்கிறப்பவே எழுதிடணும்"ன்னாரு. கை எப்போ காஞ்சிருக்கும்? காலையில உள்ள நுழையிறப்போ. அதனால உள்ள நுழைஞ்சதும், சட்டைய மாத்துறதுக்கு முன்னாடி, அன்னிக்கு ஷிஃப்ட் முழுக்க உள்ள ரீடிங்க எழுதிடுவேன். ஆலையோட விதிப் புத்தகத்துல பதினோரு டிகிரின்னு போட்டிருக்கு. நானும் பதினொண்ணுன்னு எழுதினேன். ஒன்பது வருஷமா எழுதினேன். அண்ணன் எனக்கு வச்ச பேரே பதினொண்ணு. ஒரு நாள் மேடம் காதுல விழுந்து, "ஏன் அப்படிக் கூப்பிடுறீங்க?"ன்னு கேட்டாங்க. "பதினொண்ணாம் தேதி பொறந்தவன்மா"ன்னு அண்ணன் அசராம சொன்னாரு. அந்த வருஷத்துலருந்து மேடம் ஒவ்வொரு பதினொண்ணாம் தேதியும் என்னப் பாத்து, "இந்த மாசமா?"ன்னு கேப்பாங்க.

உண்மையில டேங்க் எப்பவும் பதினொண்ணுல இருக்காது. அண்ணன் தெர்மாமீட்டர நம்புற ஆளே இல்ல. டேங்க்லருந்து காத்து வெளிய போக ஒரு குழாய் கீழ இறங்கி ஒரு வாளித் தண்ணிக்குள்ள முங்கியிருக்கும். உள்ள பொங்கப் பொங்க, வாளியில குமிழ் வெடிச்சிட்டே இருக்கும். அண்ணன் வாளிப் பக்கத்துல ஒரு பாட்டில் கிரேட்டக் கவுத்துப் போட்டு உக்காந்து கேப்பாரு. டேங்க் வயித்துல உள்ளங்கைய வைப்பாரு. அப்புறம், "போய் கால் சுத்து திற", "மூடு, அது தூங்கப் போகுது"ன்னுவாரு. நான் மேல ஓடுவேன். தினமும் பதினொண்ணுன்னு எழுதிட்டு, தினமும் வேற என்னவோ செஞ்சு, நல்ல பீர் எடுத்தோம். இதுல ஒரு தப்பும் எங்களுக்குத் தெரியல. நோட்டு நோட்டு வேலையப் பாத்துச்சு, நாங்க எங்க வேலையப் பாத்தோம்.

மேடத்தோட தம்பிய நாங்க சின்னவர்னு சொல்லுவோம். நாப்பத்தஞ்சு வயசுக்கு அது கொஞ்சம் அதிகந்தான், ஆனா அக்கா இருக்கிற வரைக்கும் அவர் சின்னவர்தான். நல்ல மனுஷன். விளம்பரக் காகிதத்துல எதப் போட்டாலும் நம்புவாரு. அவர் ரெண்டு கம்பெனியப் புடிச்சிட்டு வந்தாரு. முதல் கம்பெனியோட சிஸ்டம் சென்சார் வச்சு டிகிரியக் காட்டும், அளவு தாண்டினா போன்ல அலறும், ஆனா வால்வ மனுஷன்தான் மேல போய்த் திருப்பணும். ரெண்டாவது கம்பெனியோடது வால்வையும் தானே திறந்து மூடும்.

அண்ணனுக்கு எது வேணும்னு சொல்லத் தேவையில்ல. எனக்கும் அதேதான் வேணும்.

"ரெண்டையும் ஒவ்வொரு டேங்க்ல மாட்டிப் பாக்கலாம்"ன்னாங்க மேடம். "எது நல்ல பீர் கொடுக்குதோ அது."

முதல் கம்பெனியிலருந்து டை கட்டின ஒருத்தர் வந்தாரு. டேங்க் எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டு, "உங்க பழைய ரீடிங் இருக்கா?"ன்னாரு. நான் நோட்டுகளக் கொண்டு வந்து கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாப் புரட்டினாரு. அவர் முகம் மெல்ல மலர்ந்துச்சு.

"சார், நான் எவ்வளவோ ஆலை பாத்திருக்கேன். இவ்வளவு ஸ்டெடியா ஓட்டுற ஆளுங்கள பாத்ததே இல்ல."

சின்னவருக்குப் பெருமை தாங்கல. "எங்க ஆளுங்க அப்படி"ன்னாரு. பின்னாடி அண்ணனுக்கு இருமல் வந்துச்சு. ரொம்ப நேரம் இருமினாரு.

டைக்காரர் நோட்டப் பாத்தே அளவு வச்சாரு. பதினொண்ணுக்கு மேல அரை டிகிரி போனா அலறும். மூணாம் டேங்க்ல மாட்டினாங்க. அஞ்சாம் நாள் வழக்கம்போல அண்ணன், "விடு, கொஞ்சம் ஏறட்டும்"ன்னாரு. பதினாலு வரைக்கும் ஏறும், எப்பவும் ஏறுறதுதான். சின்னவர் போன் அலற ஆரம்பிச்சுது. அவர் அப்போ முடி வெட்டிக்கிட்டிருந்தாரு. ஒரு பக்கம் வெட்டின தலையோட ஓடி வந்தாரு.

டைக்காரர் சென்சாரக் கழட்டிப் புதுசு மாட்டினாரு. அதுவும் பதினாலுன்னுச்சு. இன்னும் ரெண்டு, ஒவ்வொண்ணா மாட்டினாரு. அதுங்களும் அதையே சொல்லுச்சு. மேல ஏறி எங்க பழைய தெர்மாமீட்டரப் பாத்துட்டு, "இதுவும் பதினாலு காட்டுதே?"ன்னு என்னைப் பாத்தாரு.

அப்போதான் நான் அந்தப் பாவத்தப் பண்ணினேன். "அது பழசு சார். எப்பவும் மூணு டிகிரி கூடத்தான் காட்டும்."

மனுஷன் நம்பிட்டாரு. ஒன்பது வருஷ நோட்டு ஒரு பக்கம், நாலு சென்சார் ஒரு பக்கம். நாலு சென்சாரையும் பையில போட்டுக்கிட்டு, "ஃபேக்டரியில ஏதோ கோளாறு"ன்னு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனாரு. எனக்கு அவரப் பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா சத்தியமா சொல்றேன், சந்தோஷமாவும் இருந்துச்சு. முதல் கம்பெனி அவுட். இனி அண்ணன் கீழயே உக்காரலாம்.

ரெண்டாவது கம்பெனியிலருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. முப்பது வயசு இருக்கும், மஞ்சள் தொப்பி, அத சாப்பிடறப்போகூட கழட்டாது. அதனால எங்களுக்கு அது தொப்பி. நோட்டப் புரட்டிட்டு அது சிரிக்கல, பாராட்டல. நேரா அண்ணன்கிட்ட வந்துச்சு.

"அங்கிள், வால்வ நீங்க எப்போ திறப்பீங்க?"

"அதான் நோட்டுல இருக்கேம்மா."

"நோட்டுல எப்பவும் பதினொண்ணு இருக்கு. அப்போ எப்பவுமே திறக்கவே மாட்டீங்களா?"

அண்ணன் என்னைப் பாத்தாரு. நான் கூரையப் பாத்தேன். "தேவப்பட்டா திறப்போம்"ன்னாரு. அது தொப்பியச் சரி பண்ணிக்கிட்டு, "சரி, பதினொண்ணுலயே வைக்கிறேன்"ன்னுச்சு.

அஞ்சாம் டேங்க்ல மாட்டினாங்க. கீழ ஒரு மேசை, ஸ்கிரீன், சக்கரம் வச்ச நாற்காலி. அண்ணன் அந்த நாற்காலியில உக்காந்தத நீங்க பாத்திருக்கணும். முதல் நாள் உருண்டே டாய்லெட் வரைக்கும் போயிட்டு வந்தாரு. ஸ்கிரீன்ல பதினொண்ணு, பதினொண்ணு, பதினொண்ணு. "பாருடா, இது உன்ன மாதிரியே எழுதுது. ஆனா இது நெசமாவே செய்யுது"ன்னாரு.

அஞ்சாம் நாள் அவர் நாற்காலிய விட்டு எந்திரிச்சு வாளிகிட்டப் போயி நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு.

"தம்பி, வாளி சரியாப் பேசல."

"அண்ணே, மெஷின் பாத்துக்கும்."

"இந்நேரம் கொஞ்சம் சூடு ஏத்தி விடணும். இல்லன்னா..."

"இல்லன்னா என்ன? நீங்க போய் சூடு ஏத்தச் சொல்லுங்க, தொப்பி ஏன்னு கேக்கும். அப்புறம் நோட்டு விஷயம் வெளிய வரும். சும்மா உக்காருங்கண்ணே."

அவர் உக்காந்தாரு. ஆனா அன்னிக்கு அந்த நாற்காலிய உருட்டல.

டேங்க் இறக்கின அன்னிக்கு அண்ணனால மேடம் ரூமுக்கு ஏற முடியாதுன்னு, கீழ பாட்டில் லைன் பக்கத்துலயே மேசை போட்டு எல்லாரும் சேந்து ருசி பாத்தோம். மெஷின் ஓடுறப்போ மேசையில இருக்கிற கிளாஸ் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு மெதுவா நடந்து போகும். மேடம் ஒரு கிளாஸ ஓடவிடாமப் பிடிச்சு, மூக்குகிட்ட வச்சாங்க. வாய்ல வைக்கல.

"யாராவது இங்க வெண்ணெய் வாங்கிட்டு வந்தீங்களா?"

யாரும் வாங்கல. வாசனை பீர்லருந்துதான். நடுவுல சூடு ஏத்தி விடாம இறக்கினா ஈஸ்ட் அந்த வாசனைய உள்ளயே விட்டுட்டுப் போயிடும். சூடு கொடுத்தா அதுவே தின்னு சுத்தம் பண்ணிடும். அண்ணன் முப்பது வருஷமா வாளிச் சத்தத்த வச்சுச் செஞ்சதுக்கு அர்த்தம் இவ்வளவுதான். எங்க யாருக்கும் வாயத் திறந்து சொல்லத் தெரியல. தெரிஞ்ச ஒருத்தரும் நோட்டுல இருக்குன்னுட்டாரு.

"ஒரு சிஸ்டம் பொய் சொல்லுது, இன்னொண்ணு பீரக் கெடுக்குது"ன்னாங்க மேடம். "போதும்டா உன் ஆட்டோமேட்டிக். பழைய மாதிரியே ஓட்டுவோம். ஒண்ணாம் தேதியிலருந்து கால் நல்லா இருக்கிற ஒரு ஆளப் பாக்கலாம்." அண்ணன் பக்கம் திரும்பாமயே, "மன்னிச்சுக்கங்கண்ணே"ன்னாங்க.

அண்ணன், "பரவால்லம்மா"ன்னாரு. கிளாஸ்கள அடுக்கி ஓரமா வச்சாரு, அவருக்கு அது வேலையே இல்ல.

வெளிய வந்ததும் நான் சொன்னேன், "போய்ச் சொல்லிடலாம்ணே. நோட்டு பொய்னு சொல்லிட்டா அந்தப் பொண்ணு சரியா வச்சுடும்."

"லூசாடா நீ?"ன்னாரு. "சொல்லாம விட்டா எனக்கு மட்டும்தான் வேல போகும். சொன்னா ரெண்டு பேருக்கும் போகும். எனக்காவது மருமகன் இருக்கான், ஃப்ரிட்ஜ் திறந்து காட்டுவான். உனக்கு யாரு இருக்கா?"

அதுதான் என் கணக்கும். எனக்கு யாரு இருக்கா? அவர் போயிட்டா இந்த வேலைய வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? ஆனா இத அவர் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியுமா? சொன்னா ஆயுசுக்கும் ஓட்டுவாரு.

மறுநாள் காலையில நோட்டுக்கட்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மேடம் ரூமுக்குப் போனேன். சின்னவரும் அங்க இருந்தாரு.

"மேடம், இதுல இருக்கிறது நெசம் இல்ல. காலையில வந்ததும் மொத்தமா எழுதிடுவேன். டேங்க் பதினாலு வரைக்கும் போகும். சென்சார் எல்லாம் சரியாத்தான் சொல்லுச்சு."

 மேடம் ஒரு நோட்ட எடுத்துப் புரட்டினாங்க.

"ஒன்பது வருஷமுமா?"

"ஆமா மேடம்."

"எல்லா நாளும் பதினொண்ணா?"

"இல்ல மேடம். நடுநடுவுல பத்தரை போட்டிருக்கேன். நம்புற மாதிரி இருக்கட்டும்னு."

மேடம் கண்ணாடியக் கழட்டினாங்க. சின்னவர்தான் எந்திரிச்சாரு. "அக்கா, இவர இப்பவே அனுப்பிடணும். இது எவ்வளவு பெரிய ஏமாத்து. ஒரு கம்பெனிக்காரன் நாலு சென்சாரத் தூக்கிக்கிட்டு அழுதுட்டுப் போனான். நான் பாதித் தலையோட ஓடி வந்தேன்."

அப்போ கதவுகிட்ட ஒரு மூச்சு வாங்குற சத்தம். அண்ணன். அந்த ரூமுக்கு வரவும் படி உண்டு, பதினெட்டு. ஒவ்வொண்ணா எப்படி ஏறினாருன்னு தெரியல, சட்டை நனைஞ்சிருந்துச்சு.

"டாக்டர் என்ன சொன்னாரு, நீங்க என்ன பண்றீங்க?"ன்னாங்க மேடம்.

"ஏறியாச்சும்மா, இறங்குறப்போ பாத்துக்கலாம். இவன் சொன்னத நம்பாதீங்க. முன்னாடியே எழுதச் சொன்னது நான்தான்."

"எழுதினது நான்தான் மேடம்"ன்னேன்.

"இவனுக்கு சொந்தமா ஒரு நம்பர்கூட யோசிக்கத் தெரியாதும்மா. நான் சொன்னதத்தான் எழுதினான்."

"பத்தரை நானா யோசிச்சது."

"அதான் பாத்தீங்களே, அது எவ்வளவு மட்டமா இருக்குன்னு."

மேடம் எங்களக் கவனிக்கல. ஒரு பக்கத்துல விரல வச்சு அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம் நோட்டத் திருப்பி சின்னவர் முன்னாடி வச்சாங்க.

"இதப் படி."

சின்னவர் படிச்சாரு. "பிப்ரவரி முப்பது. காலை ஏழு மணி, பதினொண்ணு. எட்டு மணி, பதினொண்ணு. ஒன்பது..."

"மேல படி. என்ன தேதி?"

"பிப்ரவரி முப்... " நிறுத்திட்டாரு.

"கீழ யாரு கையெழுத்து?"

ரீடிங் நோட்ட சரிபாத்துக் கையெழுத்துப் போடுறது சின்னவர் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு தடவ, எட்டு நோட்டு, ஒன்பது வருஷம்.

"என்னோடது மாதிரிதான் இருக்கு"ன்னாரு சின்னவர்.

"மாதிரியா?"

"என்னோடதுதான்க்கா."

"அப்போ இவங்க ரெண்டு பேரையும் அனுப்பினா, மூணாவதா யார அனுப்பணும்னு அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லிடு."

அவங்க அம்மா எண்பது வயசுல இன்னும் மகனுக்குத் தட்டுல சாப்பாடு எடுத்து வைக்கிறவங்க. சின்னவர் உக்காந்துட்டாரு. பிப்ரவரிக்கு முப்பது நாள் இல்லன்னு எனக்கு அப்போதான் உறைச்சுது. அந்த மாசத்த முன்கூட்டியே எழுதிட்டு ரெண்டு நாள் லீவு போட்டது ஞாபகம் வந்துச்சு. நல்லவேள, யாரும் அதக் கேக்கல.

மேடம் தண்டனைய வரிசையாச் சொல்லல. யோசிக்க யோசிக்க ஒவ்வொண்ணா வந்துச்சு. மூணு வாரம் மணிக்கு ஒரு தடவ நான் மேல ஏறி நெசமான ரீடிங் எடுக்கணும், எடுத்தவுடனே எழுதணும், கை ஈரமா இருந்தா துண்டு வாங்கித் தர்றாங்களாம். தொப்பிய மறுபடி கூப்பிடணும். கதவுகிட்டப் போனப்புறம் கூப்பிட்டு, "அந்த டை கட்டினவருக்கு நீங்களே போன் பண்ணி அவர் சென்சார் நல்ல சென்சார்னு சொல்லுங்க"ன்னாங்க.

அந்த போன்தான் மூணு வாரத்த விடக் கஷ்டம். மனுஷன் முழுசாக் கேட்டாரு. "அப்போ தெர்மாமீட்டர்?"ன்னாரு. "அதுவும் சரியாத்தான் காட்டுது சார்"ன்னேன். "நான் அந்த நாலையும் குப்பையில போட்டுட்டேன்"ன்னாரு. நான், "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டேன். வச்சுட்டாரு.

தொப்பி வந்துச்சு. பழைய நோட்டுகள ஒரு ஓரமா வச்சுட்டு, அண்ணனுக்கு எதிர்ல இன்னொரு கிரேட்டக் கவுத்துப் போட்டு உக்காந்துச்சு. "அங்கிள், இப்போ சொல்லுங்க. எப்போ திறப்பீங்க?"

"அது பேச்சக் கூட்டுறப்போ திறப்பேன், குறைக்கிறப்போ மூடுவேன்."

"எவ்வளவு குறைக்கிறப்போ?"

"அது தெரிஞ்சா நான் ஏன்மா கிரேட் மேல உக்காந்திருக்கேன்?"

தொப்பி கோபப்படல. ஒரு நிமிஷத்துக்கு எத்தன குமிழ்னு எண்ணச் சொல்லுச்சு. அண்ணன் விரல் மடக்கி எண்ணுவாரு, நான் மேலருந்து டிகிரியக் கத்துவேன், அது ரெண்டையும் எழுதும். முப்பது வருஷமா கேட்ட சத்தத்த அவர் முதல் தடவையா எண்ணினாரு. தப்புத் தப்பா எண்ணினாரு. நடுவுல எனக்கு ஏதாவது பதில் சொல்லிட்டு மறந்துடுவாரு. "நீங்க பேசாம எண்ணுங்க அங்கிள்"னு தொப்பி சொல்லும். அண்ணன் வாயப் பொத்திக்கிட்டு எண்ணி நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

நெசத்த எழுதிப் பாத்தா அண்ணன் ஒண்ணும் மந்திரவாதி இல்லன்னு தெரிஞ்சுது. பத்துக்கு ரெண்டு தடவ தூங்கப் போகுதுன்னு சொன்ன டேங்க் தூங்கவே இல்ல. "எனக்கும் வயசாகுதுல்ல"ன்னாரு, கொஞ்சம் வருத்தமா. ஆனா மத்த எட்டு தடவ, அரை டிகிரிக்குள்ள அவர் சரி. தொப்பி அந்த எட்டையும் மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. அஞ்சாம் நாள் தானா பதினாலுக்கு ஏறி, ரெண்டு நாள் அங்கயே நின்னு, அப்புறம் இறங்கணும்னு.

அந்த டேங்க் இறக்கினப்போ மேடம் மூக்குகிட்ட வச்சாங்க, வாய்ல வச்சாங்க, கிளாஸக் கீழ வைக்கல, குடிச்சு முடிச்சாங்க. சின்னவர்கிட்ட திரும்பி, "ரெண்டாவது கம்பெனி. எட்டு டேங்குக்கும்"ன்னாங்க. "இனிமே கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி தேதியாவது பாரு."

அண்ணனுக்கு வேல நிலைச்சுது. அவர் இப்போ கீழ புதுசாக் கட்டின கண்ணாடி ரூம்ல, அந்தச் சக்கரம் வச்ச நாற்காலியில, எட்டு டேங்கையும் பாத்துக்கிட்டு இருக்காரு. முழங்கால் கொஞ்சம் தேவல. மருமகன் ஒரு தடவ வந்து பாத்துட்டு, அந்த ஸ்கிரீன எப்படித் தொடணும்னு அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தானாம்.

ஆனா நாங்க ரெண்டு பேருமே யோசிக்காத ஒண்ணு இருந்துச்சு. வால்வு தானா திறந்து மூடுறப்போ ஒரு ஷிஃப்ட்டுக்கு எதுக்கு ரெண்டு பேர்? மேடம் யாரையும் அனுப்பல. மதியத்துக்கு ஆள் தேவப்பட்டுச்சு, என்னை மாத்தினாங்க. அண்ணன் காலை, நான் மதியம். இது நல்ல ஏற்பாடு, யாரும் குறை சொல்ல முடியாது. நானே நோட்டத் தூக்கிட்டுப் போய் வாங்கிட்டு வந்த ஏற்பாடு.

முதல் நாள் ரெண்டு மணிக்குப் போனேன், அவர் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னாரு. "எல்லாம் ஓடுது, பாத்துக்க"ன்னுட்டுப் போயிட்டாரு. எட்டு மணி நேரம் எட்டு டேங்க் ஒரு தப்பும் பண்ணல. அவ்வளவு அமைதியா ஒரு நாள நான் இந்த ஆலையில கழிச்சதே இல்ல. வாளிங்க மட்டும் பேசிக்கிட்டே இருந்துச்சு, எனக்கு அந்த பாஷ தெரியாது.

ரெண்டாம் நாள் ஒண்ணரைக்கே போயிட்டேன். அண்ணன் ஒண்ணும் கேக்கல. என் டப்பாவத் திறந்து பாத்து, "இத நீயே சமைச்சியா, இல்ல யாராவது உன்னப் பழி வாங்கினாங்களா?"ன்னாரு. மூணாம் நாள் ஒரு மணிக்குப் போனேன். அன்னிக்கு அவரும் மூணு மணி வரைக்கும் கிளம்பல, பையில எதையோ தேடிக்கிட்டே இருந்தாரு. பை காலியாத்தான் இருந்துச்சு.

போன வாரம் சின்னவர் எங்க ரெண்டு பேரையும் கண்ணாடி ரூம்ல பாத்துட்டாரு. மணியப் பாத்தாரு, ஸ்கிரீனப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு. இப்பல்லாம் அவர் எதையும் சரி பாக்காம விடுறதில்ல.

"இந்த சிஸ்டத்தப் பாத்துக்க ஒருத்தர் போதும்னுதானே சொன்னாங்க? தினமும் ரெண்டு மணி நேரம் ரெண்டு பேர் இருக்கீங்களே?"

நான் வாயத் திறக்கிறதுக்குள்ள அண்ணன் நாற்காலிய அவர் பக்கம் உருட்டிட்டுப் போனாரு.

"புதுசுல்ல சார்"ன்னாரு. "தனியா விட முடியல."